அக்கா என்று கூப்பிட அனுமதி கோரி

அனுப்புநர்
தையல் கடைக்காரரின் மகள்,
மேற்கு வாயில் தெரு,
விளையாட்டரங்கத்துக்கு எதிரில்.
(கடையின் பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம் பத்தி 4-இல் உள்ளது.)

பெறுநர்
சிறப்பு அலுவலர் அவர்கள்,
பன்னாட்டு விளையாட்டு விழா ஒருங்கிணைப்பு அலுவலகம்,
விளையாட்டரங்க வளாகம்.

பொருள்: விழாப் புரவலர் நிறுவனத்தின் பெயரைப் பாதுகாக்கும் ஒப்பந்ததாரர் என் தாயாரின் தையல் கடையைப் பூட்டி சீல் வைத்தது – ஞாயிற்றுக்கிழமைத் திருமணத்துக்கான மணப்பெண் உடை உள்ளே மாட்டிக்கொண்டது – கடையைத் திறக்க உத்தரவு வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: திங்கட்கிழமை தங்களைப் பார்க்க வந்தது, பார்க்காமல் திரும்பியது.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். அதனால் தெருவில் குழாய் உடைந்தாலும் விளக்கு எரியாவிட்டாலும் மனு எழுதும் வேலை என்னிடம் வந்து சேரும். எனக்கு எழுத வரும், பேச வராது. கடந்த திங்கட்கிழமை இந்தக் குறையை நேரில் சொல்ல வரிசையில் நின்று தங்கள் அறை வாசல் வரை வந்துவிட்டேன். தங்கள் உதவியாளர் நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா வேணும்?" என்று அன்பாகத்தான் கேட்டார். "ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். ஒன்றும் வேண்டாதவள் எதற்குக் காலையிலிருந்து வரிசையில் நின்றாள் என்று அவர் நினைத்திருப்பார். அவருக்கும் சேர்த்தே இந்த விளக்கம்.

2. என் தாயார் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே மேற்கு வாயில் தெருவில் தையல் கடை நடத்தி வருகிறார். கடையின் பெயர் "அக்கா தையலகம்". இப்பெயரை அவர் வைக்கவில்லை. பலகை எழுத வந்தவர், என்ன பெயர் எழுதுவது என்று கேட்டிருக்கிறார். அம்மா யோசித்துக்கொண்டிருந்தபோது வாடிக்கையாளர் ஒருவர் வாசலில் நின்று, "அக்கா, பட்டன் வச்சாச்சா?" என்று குரல் கொடுத்திருக்கிறார். பலகைக்காரர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு எழுதத் தொடங்கிவிட்டார். பட்டனைச் சேர்க்காமல் விட்டாரே என்று அம்மா இன்றைக்கும் அவரை நல்லவிதமாகவே பேசுவார்.

தெருவில் எல்லாருக்கும் அவர் அக்காதான். பல் செட் வைத்திருக்கும் மருந்துக்கடை முதலாளிக்கும் அக்காதான். சரக்கு வண்டி ஓட்டும் என் தந்தை ஒருநாள் கடையில் கூட்டமாக இருந்த நேரத்தில் வாய் தவறி, "அக்கா, வீட்டுச் சாவி எங்க?" என்று கேட்டுவிட்டார். அதன் பிறகு சில காலம் வீட்டில் இருவருக்கும் இடையிலான பேச்சுவார்த்தை என் வழியாகவே நடந்தது. அவரை அம்மா என்று கூப்பிடுவது நான் ஒருத்திதான். ஆகவே தகராறுக்கு உரிய சொல்லை நான் அன்றாடம் பயன்படுத்துவதில்லை என்பதையும் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

3. விழாவை முன்னிட்டு அரங்கைச் சுற்றியுள்ள தெருக்கள் "புரவலர் பாதுகாப்பு எல்லை" என்று அறிவிக்கப்பட்டன. விழாவை ஆதரிக்கும் நிறுவனங்களின் பெயர்களைத் தவிர வேறு எந்த நிறுவனப் பெயரும் எல்லைக்குள் கண்ணில் படக் கூடாது என்பது விதி. விதியைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதை நிறைவேற்றும் வேலையை எடுத்த ஒப்பந்ததாரரின் ஆட்கள் சாம்பல் நிற டேப் உருளைகளைக் கையில் வளையல் போல மாட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் ஓர் இளைஞர். கழுத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக அடையாள அட்டைகள் தொங்கும். எங்கள் தெருவில் அவருக்கு "டேப் தம்பி" என்று பெயர்.

முடிவெட்டும் கடையின் நாற்காலி, கண்ணாடி, மின்விசிறி, பொதுக் கழிப்பறையின் கை கழுவும் தொட்டி, அம்மாவின் தையல் இயந்திரம் என எல்லாவற்றிலும் இருந்த பெயர்கள் மறைக்கப்பட்டன. மருந்துக்கடையில் அலமாரி முழுவதையும் ஒட்டி முடித்ததும், தலைவலிக்கு மாத்திரை கேட்டு வந்தவரிடம் முதலாளி, "நாளைக்கு வாங்க, எதுன்னு பிரிச்சுப் பார்த்து வைக்கிறேன்" என்று சொல்லி அனுப்பினார். டேப்பிலேயே டேப் நிறுவனத்தின் பெயர் சிறிய எழுத்தில் அச்சாகியிருப்பதை மாலையில் முடிவெட்டுபவர் கண்ணாடியில் இடவலமாகப் பார்த்துக் கண்டுபிடித்தார். மறுநாள் ஆட்கள் மீண்டும் வந்து டேப்பின் மேல் டேப் ஒட்டினார்கள். அதுவும் அதே டேப்.

4. விழாவின் அதிகாரபூர்வக் குளிர்பானத்தின் பெயர் "அக்கா". அதைத் தயாரிப்பவர்களின் மொழியில் அச்சொல்லுக்குத் "தாவு" என்று பொருளாம். டேப் தம்பி எங்கள் கடைக்கு வந்தபோது நான் உள்ளே ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். நடந்த பேச்சை அப்படியே தருகிறேன்.

"அக்கா, உங்க போர்டுல இருக்கற அக்காவ எடுத்துரணும்க்கா."

"எந்த அக்காவ தம்பி?"

"அந்த அக்காவத்தான்க்கா. அது இப்ப கம்பெனிக்குச் சொந்தம்."

"அப்ப நான்?"

"நீங்க இருங்கக்கா. உங்கள யாரு எடுக்கச் சொன்னா?"

இந்தப் பேச்சில் விதியை மீறியவர் யார் என்பதைத் தங்கள் முடிவுக்கே விட்டுவிடுகிறேன். தம்பி நல்லெண்ணத்தோடு, "தங்கச்சி தையலகம்னு வச்சுக்கலாமேக்கா" என்று யோசனையும் சொன்னார். "இந்த வயசுல நான் யாருக்குப்பா தங்கச்சி?" என்று அம்மா கேட்டார். கடைசியில் அந்த ஒரு சொல்லின் மேல் மட்டும் டேப் ஒட்டப்பட்டது. அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டு, கோணலாக ஒட்டாமல் பார்த்துக்கொண்டார். கோணல் அவருக்குப் பொறுக்காது.

5. இடையில் ஓர் அணில் வந்தது. இதைத் தாங்கள் சற்றுக் கவனமாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

விழாவின் சின்னமான பெரிய அணிலின் உடையைப் பராமரிக்கும் ஒப்பந்தமும் டேப் ஒட்டும் அதே ஒப்பந்ததாரரிடம்தான் உள்ளது. அவர் அதை வேறொருவருக்குக் கொடுக்க, அவர் இன்னொருவருக்குக் கொடுக்க, அது கடைசியில் டேப் தம்பியின் மச்சானிடம் வந்து நின்றது. மச்சானுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. ஒத்திகையின்போது அணில் தாவியதில் வால் தடுப்புக் கம்பியில் மாட்டி அடியோடு கிழிந்துவிட்டது. வெளி ஆள் யாரும் அதைத் தொடக் கூடாது என்பது ஒப்பந்தம். ஆகவே தம்பியும் மச்சானும் அதைப் போர்வையில் சுற்றி ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கி வந்தார்கள். போர்வையிலிருந்து இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்ததால் தெருவில் சிறிது நேரம் பதற்றம் நிலவியது.

அம்மா வாலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, முதலில் தைத்தவன் கண்ணை மூடிக்கொண்டு தைத்திருக்கிறான் என்றார். பிறகு இரட்டை நூல் போட்டுத் தைத்துக் கொடுத்தார். இனி அந்த வாலைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் தொங்கினாலும் அது வராது. வேலை முடிந்த அணில், எடுத்துச் செல்ல ஆள் வரும் வரை, கடையின் மூலையில் மணப்பெண் உடைக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கப்பட்டது.

6. மறுநாள் புரவலர் நிறுவனத்தின் கண்காணிப்பு அதிகாரியான, தமிழ் தெரியாத ஓர் அம்மையார் எங்கள் தெருவுக்கு வந்தார். கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தார். பலகையைப் பார்த்துத் திருப்தியோடு தலையசைத்துக் கிளம்பியவர் வாசலில் நின்றுவிட்டார். அந்நேரம் ஒருவர் "அக்கா, என் பேன்ட்டு?" என்றார். அடுத்தவர் "அக்கா, இடுப்புல கொஞ்சம் புடிங்கக்கா" என்றார். எதிர்க் கடையிலிருந்து "அக்கா, சில்லறை இருக்கா?" என்றது ஒரு குரல். அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கவனித்தார். பலகையில் மறைத்த பெயரை ஆட்களை வைத்து வாயால் விளம்பரம் செய்வதாக அவருக்குப் பட்டது. நாளைக்குள் இது நிற்க வேண்டும் என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

தெரு முழுக்க உண்மையாகவே முயன்றது. முடிவெட்டுபவர் "மேடம்" என்று கூப்பிட்டார். வேறு யாரையோ என்று நினைத்து அம்மா திரும்பவே இல்லை. மருந்துக்கடை முதலாளி வேறு வழியின்றி "ஏங்க" என்று கூப்பிட்டார். வெளியே வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த என் தந்தை திரும்பிவிட்டார். முதலாளி அன்று கடையைச் சீக்கிரம் சாத்தினார். மறுநாள் அம்மையார் வந்தபோது தெருவே வாயை மூடிக்கொண்டிருந்தது. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த வேளையில் அவருடன் வந்த டேப் தம்பியே வாசலில் செருப்பு தடுக்கி, "அக்கா, பாத்து, வழில நூல்கண்டு கெடக்கு" என்று சொல்லிவிட்டார்.

வாய்வழி விளம்பரம் என்று காரணம் எழுதி, விழா முடியும் வரை கடையைப் பூட்டுமாறு அம்மையார் உத்தரவிட்டார். பூட்டியவரும் டேப் தம்பிதான். அரக்கை உருக்கி ஊற்றிவிட்டு, "இனிமே சீலைத் தொடக் கூடாதுக்கா" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

"சீலை ஏதுப்பா உள்ள? இருக்கறது ஒரு கல்யாண உடுப்பும் உங்க..." என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் தம்பி கண்ணாலேயே கும்பிட்டார். என்ன சொல்கிறார் என்று அம்மையார் கேட்டதற்கு, "நன்றி சொல்றாங்க மேடம்" என்று மொழிபெயர்த்தார்.

அதனால்தான் அணில் உள்ளே இருப்பது இன்று வரை அம்மையாருக்குத் தெரியாது. தங்களுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். ஏனெனில் விழாச் சின்னம் சிறப்புப் பயிற்சியில் இருப்பதாகத் தங்கள் அலுவலகம் நேற்று நாளிதழில் அறிவித்திருக்கிறது. கடைக் கண்ணாடி வழியாகத் தினமும் பார்ப்பவள் என்ற முறையில், பயிற்சி எதுவும் நடைபெறவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். தெருக் குழந்தைகள் அணிலைக் கைது செய்துவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருத்தி கதவிடுக்கின் வழியே அதற்குக் கடலை போட்டிருக்கிறாள்.

7. ஐயா, இதுவரை சொன்னதில் சிரிக்க இடம் உண்டு என்பது எனக்கே தெரியும். இனிச் சொல்வதில் இல்லை.

உள்ளே இருக்கும் மணப்பெண் உடை எங்கள் தெருவில் பூட்டு ரிப்பேர் செய்பவரின் மகளுக்கானது. ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்குத் திருமணம். சிறு வயதில் மாடிப்படியில் விழுந்ததில் அவளுடைய இடது தோள் சற்று இறங்கி நின்றுவிட்டது. கடையில் தைத்து விற்கும் உடை எதுவும் அவளுக்குச் சரியாக நிற்காது. ஒரு பக்கம் வழிந்துவிடும். பள்ளி நாளிலிருந்து அவளுக்கு அம்மாதான் தைக்கிறார். துணியை வெட்டும்போதே தோளைச் சமன் செய்துவிடுவார். போட்டுக்கொண்டால் ஒன்றும் தெரியாது. இத்தனை வருடத்தில் அளவு எடுக்கும்போது அந்தத் தோளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவளும் பேசியதில்லை.

கல்யாண உடைக்காகத் துணி எடுத்து வந்த அன்று மட்டும் அவள், "அக்கா, போட்டோவுல நேரா நிக்கணும்க்கா" என்றாள். "நீ நேராத்தான் நிக்கற. துணிதான் கோணலா இருக்கும், அத நான் பாத்துக்கறேன்" என்றார் அம்மா. இப்போது அவள் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் எங்கள் கடைக் கண்ணாடி முன்னால் நிற்கிறாள். பெரிய தலையோடு அணிலும், பக்கத்தில் வெள்ளை உடையும் தெரிகின்றன. பார்ப்பவர்களுக்குக் கல்யாணம் அணிலுக்குத்தான் என்று தோன்றும். முதல் நாள் அவளும் சிரித்தாள். நேற்று சிரிக்கவில்லை.

ஒப்பந்ததாரர் அலுவலகத்தில் முறையிட்டபோது, வருத்தம் தெரிவித்து, புரவலர் நிறுவனத்தின் பெயர் முன்னும் பின்னும் அச்சிட்ட பனியன் ஒன்றை அவளுக்குக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கும் ஒன்று கொடுத்தார்கள்.

8. சாவியைக் கேட்டதற்கு டேப் தம்பி, "சாவி என்கிட்ட இல்லக்கா, சாவி வேற கான்ட்ராக்ட்டு" என்றார். சாவி ஒப்பந்ததாரரைத் தேடிப் போனால், அவர் சாவிகளை எல்லாம் ஒரே வாளியில் போட்டு வைத்திருக்கிறார். எது எந்தக் கடையுடையது என்று அவருக்கே தெரியவில்லை.

மணப்பெண்ணின் தந்தை தொழிலால் பூட்டு திறப்பவர் என்பதை மேலே சொன்னேன். அவர் தினமும் காலையில் எங்கள் கடை வாசலில் வந்து நின்று அந்தப் பூட்டையே பார்க்கிறார். "இதெல்லாம் ஒரு பூட்டா? தும்முனா தொறந்துக்கும்" என்கிறார். அம்மா, "அது பூட்டு இல்ல அண்ணே, கவர்ன்மென்ட்டு. கைய வச்சிராதீங்க" என்று தடுத்து அனுப்புகிறார். (அவர் அம்மாவை அக்கா என்பார், அம்மா அவரை அண்ணன் என்பார். இருவரில் யார் மூத்தவர் என்பது தெருவில் இன்னும் தீராத விஷயம்.) அரக்கில் பதிந்திருப்பது தங்கள் அலுவலக முத்திரை என்ற ஒரே காரணத்தால்தான் ஊரில் எல்லாப் பூட்டையும் திறப்பவர் தம் மகளின் உடைக்கு முன்னால் கை கட்டி நிற்கிறார். ஆனால் நேற்று அவர் வந்தபோது கையில் கருவிப் பெட்டி இருந்தது. அதைத் திறக்கவில்லை, பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை நெருங்க நெருங்க அம்மாவின் பேச்சு எவ்வளவு தூரம் எடுபடும் என்று எனக்கு நிச்சயமில்லை. மகளின் கல்யாணத்தன்று அவர் காவல் நிலையத்தில் இருக்கக் கூடாது என்பதே எங்கள் எல்லாருடைய கவலையும்.

9. ஆகவே, கடை விழா முடியும் வரை மூடியே இருந்தாலும் பரவாயில்லை. உடையை எடுக்கும் அளவு நேரத்துக்காவது அதைத் திறக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். சாவி அகப்படாவிட்டால், பூட்டு ரிப்பேர் செய்பவரே திறக்கலாம் என்று இம்மனுவின் ஓரத்தில் தாங்கள் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டால் போதும். அவர் தயாராக இருக்கிறார். தும்மவும் தயாராக இருக்கிறார்.

கதவு திறக்கும் அதே நேரத்தில் அணிலையும் போர்வையில் சுற்றி எடுத்துக்கொள்ளலாம். சனிக்கிழமைத் தொடக்க விழாவுக்கு அது தங்களுக்குத் தேவைப்படும் என்று நினைக்கிறேன். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அம்மா என்னிடம் மூன்று தடவை சொல்லி எழுதச் சொன்னார். உடை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அணில் தங்களுடையதுதான். தெருவில் யாரும் இதைப் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லவில்லை.

டேப் தம்பியின் மீதும் அவருடைய மச்சானின் மீதும் நடவடிக்கை வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம். சீல் வைத்த அன்று மாலையே தம்பி கிழிந்த சட்டைப் பையோடு கடை வரை வந்து, பூட்டைப் பார்த்த பிறகுதான் நினைவு வந்து திரும்பிப் போனார். அவர் முகத்தைப் பார்த்து அம்மா அந்தப் பையை வீட்டிலேயே கையால் தைத்துக் கொடுத்தார்.

கூப்பிடும் விஷயத்தில் தெருவுக்கு ஒரு வழி சொல்ல வேண்டும். பலகையில் டேப் அப்படியே இருக்கட்டும். வாய்க்கு டேப் ஒட்ட முடியவில்லை. அந்நிறுவனத்தார் தங்கள் பானத்தை எங்கள் தெருவில் எவ்வளவு வேண்டுமானாலும் கூவி விற்கட்டும். கூப்பிட்டால் அம்மா திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

10. இம்மனுவில் அச்சொல் பல இடங்களில் வருவதால், எல்லைக்குள் வைத்து எழுதினால் அதுவும் குற்றமாகிவிடுமோ என்று அஞ்சி, எல்லையைத் தாண்டி முதலில் வரும் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். எழுத்து ஆங்காங்கே குலுங்கியிருந்தால் அதற்குப் பேருந்துகளே காரணம்.

நாளை காலை அலுவலகம் திறக்கும்போது நானே வருவேன். தங்கள் உதவியாளர் என்ன வேண்டும் என்று கேட்டால், இந்தத் தடவை ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். "அக்கா கடையத் தொறக்கணும் சார்" என்று சொல்லப்போகிறேன். இங்கே இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார். மூன்றாவது முறை குரல் நடுங்கவில்லை. தங்கள் அலுவலகம் எல்லைக்கு உள்ளே இருக்கிறது. ஆகையால் அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டுமாவது முன்கூட்டியே அனுமதி அளிக்குமாறு தங்களை மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: அணிலின் வால் முடி, சிறு பொட்டலம் ஒன்று. (தைத்த அன்று அம்மாவின் உடையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தது, அடையாளத்துக்காக.)

இடம்: எல்லைக்கு வெளியே, பேருந்து நிறுத்தம்
நாள்: திருமணத்துக்கு முந்தைய வியாழக்கிழமை

தங்கள் ஒரு வரிக்காகக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
அக்காவின் மகள்